உலகம் சுற்றும் ஸ்பெல்லிங் மிஸ்டேக்!

காலையில் கண் முழிச்சதிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் எத்தனை தடவை 'ஓகே' சொல்லியிருப்பீங்க? சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

'டிபன் பாக்ஸை பேக்ல வெச்சுட்டேன், ஓகேவா?'ன்னு அம்மா கேட்டப்போ ஒண்ணு. 'அடுத்த பஸ்லதான் வர்றேன், ஃபர்ஸ்ட் ஹவர் கொஞ்சம் சமாளி மச்சி'ன்னு நண்பன் கெஞ்சினப்போ ஒண்ணு. 'நாளைக்கு ரெக்கார்டு நோட் என் டேபிளுக்கு வந்தாகணும்'னு ஹெச்.ஓ.டி. முறைச்சப்போ, பவ்யமா 'ஓகே மேம்' ஒண்ணு. வாட்ஸ்அப்பில் வெறும் 'கே'ன்னு ஒத்தை எழுத்தைத் தட்டி யாரையோ டென்ஷனாக்கினது தனி. 'அவங்க ரெண்டு பேருக்கும் ஓகே ஆயிடுச்சாம்'னு கேன்டீன்ல கிசுகிசுத்ததெல்லாம் கணக்கிலேயே வராது!

'சரி'ன்னு அழகான தமிழ் வார்த்தை கைவசம் இருந்தும், ஏ.பி.சி.டி. படிக்காத பாட்டிகூட போன்ல 'ஓகேப்பா, வெச்சுடறேன்'னு சொல்றாங்க. சென்னையில் மட்டுமில்லை, டோக்கியோவிலும் பாரீஸிலும் ரோட்டில் போற ஒருத்தரை நிறுத்தி 'ஓகே?'ன்னு கேட்டாலும் புரியும். இங்கிலீஷிலிருந்து கிளம்பி உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் குடியேறிய வார்த்தைகளில் இதுதான் ஸ்டார்.

இப்போ ஒரு கேள்வி. ஓகேவுக்கு விரிவாக்கம் என்ன?

முழிக்காதீங்க. பதில்: 'ஆல் கரெக்ட்'. எல்லாம் சரி.

'ஹலோ, ஆல் கரெக்ட்னா ஏ.சி.தானே வரணும்? ஓ எங்கேர்ந்து வந்துச்சு, கே எங்கேர்ந்து வந்துச்சு?'ன்னு கேட்கிறீங்களா? அங்கேதான் மேட்டரே இருக்கு. ரெண்டே ரெண்டு எழுத்து. ரெண்டுமே தப்பு! ஸ்பெல்லிங்கை மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா, இன்னிக்கு நாம எல்லாரும் 'ஏ.சி. மச்சி, ஏ.சி.'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருப்போம். ஃபேன்கூட ஓடாத ஹாஸ்டல் ரூம்ல இருந்துக்கிட்டு!

ஃபார்வர்டு கதைகள்

இருங்க, உங்க மொபைலுக்கும் இது வந்திருக்கும். 'உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஒரு வீரர்கூட சாகாத நாளில் ஜீரோ கில்டுன்னு போர்டு எழுதி வைப்பாங்க. ஜீரோவும் கே-யும் சேர்ந்துதான் ஓகே ஆச்சு!' கேட்கும்போது புல்லரிக்கும். உடனே பத்து பேருக்கு ஃபார்வர்டு பண்ணத் தோணும்.

ஆனா ஒரு சின்ன சிக்கல். அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சது 1861-ல். ஓகே பத்திரிகையில் அச்சானது 1839-ல். பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறந்தார்னு சொல்ற மாதிரி இல்லை?

இதே மாதிரி ஒரு டஜன் கதைகள் உண்டு. கிரேக்க மொழியில் 'ஓலா கலா'ன்னா 'எல்லாம் நல்லாயிருக்கு'ன்னு அர்த்தம், அதோட சுருக்கம்தான்னு ஒரு கதை. ஒபதையா கெல்லின்னு ஒரு ரயில்வே கிளார்க் பார்சல் மேலே போட்ட இனிஷியல்னு ஒரு கதை. ஹைட்டி நாட்டின் ஒரு துறைமுகத்திலிருந்து வந்த ரம் சூப்பரா இருந்ததால, அந்த ஊர்ப் பேரே 'நல்லது'ங்கிற அர்த்தத்துக்கு வந்துச்சுன்னு இன்னொரு கதை. (இதைச் சொன்னவர் எந்த நிலைமையில் சொன்னாரோ!)

அமெரிக்க ஜனாதிபதி ஒருத்தரே இதுல மாட்டியிருக்கார். உட்ரோ வில்சன், 1913-லிருந்து 1921 வரை ஜனாதிபதி. அதுக்கு முன்னாடி காலேஜ் புரொஃபஸர். அமெரிக்கப் பழங்குடிகளில் சாக்டா மக்களின் மொழியில் 'அது அப்படித்தான்'னு சொல்ற மாதிரி 'ஓகே'ன்னு ஒலிக்கும் ஒரு சொல் இருக்கு. அதிலிருந்துதான் இது வந்துச்சுன்னு நம்பி, ஃபைல்களில் ஸ்பெல்லிங்கையே மாத்தி எழுதினார் வில்சன். மேற்கு ஆப்பிரிக்காவின் வொலோஃப் மொழியிலிருந்து, அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட மக்கள் மூலமா வந்திருக்கலாம்னு வாதாடிய அறிஞர்களும் உண்டு.

இந்தக் கடைசி ரெண்டையும் ரம் கதையோடு சேர்த்துச் சிரிச்சுட முடியாது. அந்தச் சொற்கள் அந்த மொழிகளில் நிஜமாவே இருக்கு. ஆனா ஒலி ஒத்துப்போனா மட்டும் போதாது. அந்த வார்த்தை இங்கிலீஷுக்குள்ளே நடந்து வந்த பாதையில் காலடித் தடம் வேணும். அந்தத் தடத்தைத் தேடி ஒருத்தர் கிளம்பினார்.

பழைய பேப்பரில் ஒரு துப்பறியும் சிங்கம்

அவர் பேர் ஆலன் வாக்கர் ரீட். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1906-ல் பிறந்து 2002 வரை வாழ்ந்தவர். வார்த்தைகளின் பூர்வீகத்தைக் கிண்டிக் கிளறுவதுதான் மனுஷனுக்கு முழுநேர வேலை, பொழுதுபோக்கு எல்லாமே.

1941-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1840-ம் வருஷத்து அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் 'ஓகே கிளப்'னு ஒண்ணு இருந்தது, அங்கேர்ந்துதான் இந்த வார்த்தை பரவியதுன்னு ஆதாரத்தோட காட்டினார். எல்லாரும் கை தட்டினாங்க. விஷயம் அதோட முடிஞ்சிருக்கலாம்.

ஆனா ரீட் விடலை. நம்ம பதிலுக்குப் பின்னாடி இன்னொரு பதில் ஒளிஞ்சிருக்குமோன்னு சந்தேகம். கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தையைத் தட்டினா நொடியில் பக்கம் வந்து நிக்கிற காலமில்லை அது. பழுப்பேறின பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமா, பத்தி பத்தியா கண்ணாலேயே தேடணும். தேடினார். 1963-64-ல் 'அமெரிக்கன் ஸ்பீச்'ங்கிற ஆய்விதழில் அடுத்தடுத்து கட்டுரைகள் எழுதி, 22 வருஷத்துக்கு முன்னாடி தான் சொன்ன பதிலைத் தானே பின்னுக்குத் தள்ளினார்!

'என் பழைய பதில் பத்தாது'ன்னு சொல்ல ஒரு தில் வேணும். ஒரு அசைன்மென்ட்டை ரெண்டாவது தடவை திருத்தி எழுதச் சொன்னாலே நமக்கு மூக்குக்கு மேலே கோபம் வருது.

அவர் காட்டிய தேதி 1839 மார்ச் 23. பத்திரிகை, பாஸ்டன் நகரத்தின் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'. ரெண்டாம் பக்கம்.

பாஸ்டன் பசங்களின் அலப்பறை

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். பாஸ்டனில் 'மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்'னு ஜாலிக்காக ஒரு சங்கம் இருந்தது. சீரியஸா எடுத்துக்காதீங்க, நம்ம ஊர் 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' டைப்தான். அந்தச் சங்கத்து ஆளுங்களைப் பத்தி பக்கத்து ஊரான பிராவிடன்ஸ் பத்திரிகை ஏதோ எழுத, அதுக்குப் பதிலடியா கிரீன் ஒரு நக்கல் பத்தி எழுதினார். நடுவில் 'ஓ.கே.'ன்னு போட்டு, புரியாதவங்களுக்காகப் பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்'னு விளக்கமும் கொடுத்திருந்தார்.

அவ்வளவுதான். ஒரு ஊர்ப் பத்திரிகை இன்னொரு ஊர்ப் பத்திரிகையைக் கலாய்ச்ச துணுக்கு. உலகத்தையே பிடிக்கப் போற வார்த்தையின் அச்சுப் பிறப்பு இப்படித்தான் நடந்தது.

சரி, அவர் ஏன் தப்பா எழுதினார்? தெரியாம இல்லை, தெரிஞ்சேதான்! 1838, 39-ல் பாஸ்டன் பத்திரிகைகளில் ஒரு கிறுக்கு ஃபேஷன் ஓடிக்கிட்டிருந்தது. எதை எடுத்தாலும் சுருக்கி முதலெழுத்து மட்டும் போடுறது. அது போரடிச்சப்போ, வேணும்னே தப்பான ஸ்பெல்லிங்குக்கு முதலெழுத்து போடுறது. 'ஆல் ரைட்'டைத் தப்பா எழுதி 'ஓ.டபிள்யூ.'. 'நோ யூஸ்'ல 'நோ'வுக்கு முன்னாடி சம்பந்தமே இல்லாம ஒரு கே-யைச் சொருகி 'கே.ஒய்.'. 'நோ கோ'வுக்கு 'கே.ஜி.'. இந்த வரிசையில் பத்தோட பதினொண்ணா வந்ததுதான் ஓகே.

'என்ன கிறுக்குத்தனம்'னு சிரிக்காதீங்க. எஸ்.எம்.எஸ். காலத்தில் 'கிரேட்'டை ஜி.ஆர். போட்டு 8 போட்டு எழுதினது யாரு? 2012-ல் வந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி'யை 'ஓகே ஓகே'ன்னும், 2015-ல் வந்த 'ஓ காதல் கண்மணி'யை 'ஓகே கண்மணி'ன்னும் சுருக்கினது யாரு? பாஸ்டன் பசங்களுக்கும் நமக்கும் நடுவில் ரொம்ப தூரமெல்லாம் இல்லை பாஸ்!

சிரிச்சது யாரைப் பார்த்து?

இந்த இடத்தில் கொஞ்சம் சீரியஸ்.

ஒரு ஜோக் சிரிப்பு வரணும்னா, யாரையாவது பார்த்துச் சிரிக்கணும். தப்பான ஸ்பெல்லிங் அந்தக் காலத்து பாஸ்டனில் ஏன் அவ்வளவு பெரிய காமெடி? ஏன்னா, அப்போதான் அமெரிக்காவில் 'சரியான ஸ்பெல்லிங்'கிறது படிச்சவன், படிக்காதவன்னு பிரிக்கிற கோடா ஆகிக்கிட்டிருந்தது. நோவா வெப்ஸ்டரின் ஸ்பெல்லிங் புத்தகம் 1783-ல் வந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் பரவியிருந்தது. அவரோட பெரிய அகராதி 1828-ல் வந்தது. எது கரெக்ட், எது தப்புன்னு ஒரு தராசு கைக்கு வந்தாச்சு. தராசு வந்தா, எடை குறைஞ்சவனைக் கேலி பண்றதும் வந்துடுமே!

அந்தக் கேலிக்கு மாட்டின பெரிய தலை, ஆண்ட்ரூ ஜாக்சன். 1829-லிருந்து 1837 வரை அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதி. ஏழைக் குடும்பம், பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைவு. 1833-ல், பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே ஹார்வர்டில் படிச்ச முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸுக்குப் பொறுக்கலை. தன் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாத ஆளுக்கு டாக்டர் பட்டமாங்கிற ரீதியில் டைரியில் கொட்டித் தீர்த்துட்டு, விழாவுக்கே போகலை.

(ஒரு சின்ன அடிக்குறிப்பு: ஜாக்சன் ஒண்ணும் புனிதர் இல்லை. அடிமைகளை வெச்சிருந்தவர். பழங்குடி மக்களை அவங்க மண்ணிலிருந்து துரத்திய 1830-ம் வருஷச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். திட்டுறதுக்கு எவ்வளவோ பெரிய காரணம் இருந்தது. படிச்சவங்க சிலருக்கு அவரோட ஸ்பெல்லிங்தான் கண்ணை உறுத்துச்சு!)

1840-ல் ஜாக்சனின் எதிராளிகள் ஒரு கதையைக் கிளப்பினாங்க. 'ஆல் கரெக்ட்டுக்கு ஸ்பெல்லிங் தெரியாததால, அவர் ஃபைல்களில் ஓ.கே.ன்னு எழுதுவார். அதான் இந்த வார்த்தை!' சுத்தப் புருடா. ஆனா சூப்பர்ஹிட் புருடா. உலகத்தையே நம்ப வெச்சது. பின்னாடி டென்னஸியில் 1790-ம் வருஷத்துக் கோர்ட் ஆவணத்தில் 'ஓ.கே.' கிடைச்சிருக்கு, இதோ ஆதாரம்னுகூடக் கிளம்பினாங்க. உத்துப் பார்த்தா அது 'ஓ.ஆர்.'!

ஓகே... கே.ஓ.!

பாஸ்டனோட செத்துப் போயிருக்க வேண்டிய வார்த்தையைக் காப்பாத்தினது ஒரு தேர்தல். 1840. பதவியில் இருந்த ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன், ஜாக்சன் கை காட்டிய வாரிசு. ரெண்டாவது தடவை நிக்கிறார். அவர் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக். அதனால செல்லமா 'ஓல்டு கிண்டர்ஹுக்'. அட, ஓ.கே.!

தொண்டர்கள் விடுவாங்களா? நியூயார்க்கில் 'ஓகே கிளப்' ஆரம்பிச்சாங்க. ரீட் 1941-ல் கண்டுபிடிச்ச கிளப் இதுதான். எங்க தலைவர் ஓகே, அதாவது 'ஆல் கரெக்ட்'. ஒரே கல்லில் ரெண்டு மாங்கா. எதிர்க்கட்சியான விக் கட்சி சும்மா இருக்குமா? 1837-ல் ஆரம்பிச்ச பொருளாதார நெருக்கடியில் நாடே தள்ளாடிக்கிட்டிருந்தது. 'ஓகேன்னா அவுட் ஆஃப் கேஷ்!'னு கேஷுக்கு முன்னாடி கே போட்டு எழுதினாங்க. 'ஓகேயைத் திருப்பிப் போடுங்க, கே.ஓ. - கிக்டு அவுட்!'னும் கலாய்ச்சாங்க.

தேர்தலில் வான் பியூரன் தோத்துட்டார். அவரோட ஓகே ஜெயிச்சிடுச்சு! ரெண்டு கட்சியும் மாத்தி மாத்தி ஆறு மாசம் இலவச விளம்பரம் கொடுத்தா, எந்த வார்த்தைதான் ஹிட் ஆகாது?

அப்புறம் தந்தி வந்தது. 1844-ல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவில் மோர்ஸ் தந்தி அனுப்பிக் காட்டினார். 'செய்தி வந்து சேர்ந்தது, எல்லாம் சரி'ன்னு சொல்ல தந்திக்காரங்களுக்குச் சின்னதா, குழப்பமில்லாத ஒரு வார்த்தை தேவைப்பட்டது. ஓகே ரெடியா நின்னுச்சு. ரயில்வேயிலும் அதேதான். ஓ.டபிள்யூ.வும் கே.ஒய்.யும் காணாமப் போச்சு. ஓகே மட்டும் கம்பி வழியா ஓடிக்கிட்டே இருந்தது.

வேலைக்கு வந்த பிறகு அதோட குணமும் மாறிடுச்சு. யாரும் விரிவாக்கம் கேட்கலை. ஜோக் மறந்து போச்சு. ஓகே ரொம்பப் பாராட்டாது, திட்டவும் திட்டாது. 'படம் எப்படி?' 'ம்... ஓகே.' நல்லாயிருக்குன்னும் சொல்லலை, மொக்கைன்னும் சொல்லலை, ஆனா புரிஞ்சிடுச்சு இல்லையா? இந்த வேலையை இவ்வளவு சுருக்கமா செய்ய வேற ஆள் கிடைக்கலை.

1969 ஜூலை 20. அப்பல்லோ 11-ன் 'ஈகிள்' நிலாவைத் தொட்டது. கால்கள் தரையில் பட்டதும் அடுத்தடுத்த நொடிகளில் உள்ளேர்ந்து பஸ் ஆல்ட்ரின் சொன்ன வார்த்தைகளில் ஒண்ணு, 'ஓகே'. இன்ஜினை நிறுத்தியாச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஓகே. ஆம்ஸ்ட்ராங் வெளியே காலடி வெச்சு அந்தப் புகழ்பெற்ற வசனத்தைச் சொல்றதுக்குப் பல மணி நேரம் முன்னாடியே, ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் நிலாவில் போய் இறங்கிடுச்சு!

முட்டாள்னு யாரைச் சொன்னே?

இன்னொரு சம்பவத்தையும் கேளுங்க. 1980-கள் பிறக்கும் நேரம். 1983-ல் விற்பனைக்கு வரப்போற 'லிசா' கம்ப்யூட்டரை ஆப்பிள் நிறுவனம் உருவாக்கிக்கிட்டிருந்தது. கம்ப்யூட்டர் தெரியாத சாதாரண ஆளுங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சு டெஸ்ட் பண்ணினாங்க. திரையில் ஒரு பட்டன், 'டூ இட்'. செய்னு அர்த்தம்.

ஒருத்தர் அந்த இடம் வந்தாலே கடுப்பானார். காரணம் கேட்டதும் பொரிஞ்சு தள்ளிட்டார். 'நான் ஒண்ணும் டோல்ட் இல்லை, எதுக்கு இது என்னை அப்படிக் கூப்பிடுது?' டோல்ட்னா முட்டாள். ரெண்டு வார்த்தைக்கு நடுவில் இடைவெளி சரியாத் தெரியாம, பெரிய 'ஐ' சின்ன 'எல்' மாதிரி தெரிஞ்சதால வந்த வினை. உடனே பட்டனை மாத்தினாங்க. என்னன்னு? 'ஓகே'ன்னு.

இதுல இருக்கிற அழகைப் பார்த்தீங்களா? எழுதத் தெரியாதவங்களை முட்டாள்னு சிரிக்கிறதுக்காகப் பிறந்த வார்த்தை. 140 வருஷம் கழிச்சு, யாரும் தன்னை முட்டாள்னு நினைச்சுக்கக் கூடாதுன்னு அதே வார்த்தையைக் கொண்டுவந்து வெச்சாங்க.

எனக்கு இந்த வார்த்தை மேலே தனிப் பாசம் உண்டு. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர், வாழ்க்கையின் முதல் செமினார். போர்டில் 'கவர்ன்மென்ட்'னு எழுதினேன். நடுவில் இருக்கிற 'என்' என் கையை விட்டு எங்கேயோ ஓடிப்போச்சு. கடைசி பெஞ்சில் ஆரம்பிச்ச சிரிப்பு முதல் பெஞ்ச் வரைக்கும் வந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன்னு அன்னிக்குதான் எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்கப்புறம் ரெண்டு செமஸ்டர், பதில் தெரிஞ்ச கேள்விக்குக்கூட நான் கை தூக்கலை. தப்பு ஒரே ஒரு எழுத்துதான். விலை, ஒரு முழு வருஷம்.

உங்க கிளாஸிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். ஒருவேளை அது நீங்களாவே இருக்கலாம். 'என் இங்கிலீஷ் ஓட்டை'ன்னு வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அந்த ஆளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க. பாஸ்டனில் சிரிச்சவங்களை இன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு பேரைத் தேடிப் பிடிக்கவே ரீட் பழைய பேப்பருக்குள்ளே தலையை விட வேண்டியிருந்தது. ஆனா அவங்க எந்த மக்களைக் கேலி பண்ணினாங்களோ, அதே மக்கள் அந்த வார்த்தையை எடுத்து வேலைக்கு வெச்சாங்க. ரயிலிலும் தந்தியிலும் கடையிலும் புழங்கினாங்க. மொழி கடைசியில் புழங்குறவங்க பக்கம்தான் போகுது.

போர்டில் யாராவது அடுத்த தடவை ஒரு 'என்'னைத் தொலைச்சா, கடைசி பெஞ்சிலிருந்து சிரிக்காதீங்க. கிளாஸ் முடிஞ்சதும் பக்கத்தில் போய் மெதுவா சொல்லுங்க. அவர் கை அடுத்த கேள்விக்கும் மேலே போகணும்.

ஆனா ஒண்ணு. இந்தக் கட்டுரையைக் காட்டி செமஸ்டர் பேப்பரில் ஸ்பெல்லிங்குக்கு மார்க் கேட்டுடாதீங்க. ரெஸ்யூமேவையும் அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை செக் பண்ணிடுங்க. அங்கேயெல்லாம் ஆல் கரெக்ட்டுக்கு இன்னும் ஏ.சி.தான்!